கழுந்தும் துளையும்: கொட்டகைக் கதவுக்கு ஏற்ற உறுதியான பொருத்து

மாட்டுக் கொட்டகைக் கதவை ஆணி அடித்துச் சேர்ப்பது எளிது. ஆனால் மாடு அதில் உடலைத் தேய்க்கும், கன்று முட்டும். மழையில் நனைந்து வெயிலில் காயும் மரம் ஆணியைச் சுற்றிச் சிறிது சிறிதாக விலகும். ஆணியும் துருப்பிடிக்கும். பின்னர் கதவு தொங்கி, தரையில் இழுபடும். வெளியே நீட்டிய ஆணி முனை மாட்டின் விலாவையோ மடியையோ கிழித்துவிட்டால், கதவின் விலையைவிட வைத்தியச் செலவு கூடிவிடும்.

இதைத் தவிர்க்க உதவுவது கழுந்துப் பொருத்து. ஒரு சட்டத்தின் முனையை நாக்குப் போல் மெலிதாக்கினால் அது கழுந்து. அது நுழைவதற்காக மற்றொரு சட்டத்தில் குடையும் பள்ளம் துளை. இது உழவர்களுக்குப் புதியதன்று. மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் குடத்தில் இவ்வாறே இறங்கி நிற்கின்றன. ஜெர்மனியில் லைப்சிக் நகரை அடுத்த பகுதியில், சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த உழவர்கள் ஓக் மரத்தால் கட்டிய கிணறுகளை ஆய்வாளர்கள் அகழ்ந்தெடுத்து, 2012இல் விவரம் வெளியிட்டனர். இரும்பு அறியாத அம்மக்கள் கல் வாய்ச்சியால் கழுந்து செதுக்கி, ஆப்பு வைத்து இறுக்கியிருந்தனர்.

உளியால் ஒரு துளை எடுக்கப் பழகிய கையும் நேரமும் தேவை. ரவுட்டர் எனப்படும் மின்கருவியும், அதை வழிதவறாமல் நடத்தும் ஜிக் என்ற பலகை அமைப்பும் இருந்தால், ஒரே அளவுள்ள துளைகளை அடுத்தடுத்து எடுக்கலாம். நான்கு குறுக்குச் சட்டமுள்ள ஒரு கதவில் எட்டுப் பொருத்துகள் உண்டு. இரண்டு கதவுக்குப் பதினாறு. இத்தனை வேலை இருந்தால்தான் ஜிக் செய்வது பயன் தரும். ஒரே ஒரு பொருத்துக்கு ஊர்த் தச்சரின் உளியே போதும்.

மரம் காய்ந்திருக்க வேண்டும்

வேம்பு, கருவேல், தேக்கு ஆகியவற்றில் வைரம் பாய்ந்த பகுதியையே எடுங்கள். வெளிப்புற வெள்ளை மரத்தைப் பூச்சி எளிதில் தாக்கும். நெல்லைச் சேமிக்கும்போது ஈரப்பதம் 14 சதத்துக்கு மேல் இருக்கலாகாது என்பதை அறிவீர்கள். மரத்துக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் மிகக் குறைவாகவும், அகலத்திலும் பருமனிலும் கூடுதலாகவும் சுருங்கும். எனவே பச்சை மரத்தில் இறுக்கமாகச் செய்த கழுந்து, காய்ந்ததும் மெலிந்து துளையில் ஆடும். எந்த இயந்திரமும் இதைத் தடுக்காது.

அறுத்த சட்டங்களை நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்குங்கள். முனை வெடிக்காமலிருக்க இரு முனைகளிலும் பெயிண்ட் பூசுங்கள். ஒரு சட்டத்தை அடையாளமிட்டு வாரம் ஒருமுறை எடை போட்டு வாருங்கள். மழையில்லாத நாட்களில் தொடர்ந்து சில வாரங்கள் எடை குறையாமல் நின்றால் மரம் வேலைக்குத் தயார்.

அளவுகள்

கழுந்தின் பருமன், சட்டத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொது விதி. 75 மி.மீ. அகலமும் 36 மி.மீ. பருமனும் உள்ள சட்டங்களுக்கு:

1. கழுந்து: பருமன் 12 மி.மீ., அகலம் 60 மி.மீ., நீளம் 36 மி.மீ.
2. துளை: அகலம் 12 மி.மீ., நீளம் 60 மி.மீ., ஆழம் 38 மி.மீ. கூடுதலாக உள்ள 2 மி.மீ. பசை தங்குவதற்கு.
3. குறுக்குச் சட்டத்தை வெட்டும்போது இரு கழுந்துகளுக்காக 72 மி.மீ. சேர்த்து வெட்டுங்கள்.
4. நெடுஞ்சட்டத்தின் இரு முனைகளிலும் 25 மி.மீ. கூடுதலாக விட்டு, வேலை முடிந்தபின் அறுத்துவிடுங்கள். இல்லையெனில் ஓரத் துளை பிளக்கும்.

துளைக்கான ஜிக்

12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பலகை வெட்டுங்கள். கைடு புஷ் என்று கேட்டால் கடையில் ஒரு வளையம் தருவார்கள். அது ரவுட்டரின் அடித்தட்டில் பொருந்தும். அதன் வெளிவிட்டம் 20 மி.மீ. என்றும் வெட்டும் பிட் 12 மி.மீ. என்றும் கொள்வோம். பலகையில் 48 மி.மீ. இடைவெளியில் இரு மையங்கள் குறித்து, 20 மி.மீ. துளையிட்டு, இடைப்பகுதியை அறுத்து அரத்தால் சமன் செய்யுங்கள். வளையம் இந்தச் சந்தில் 48 மி.மீ. ஓடும், பிட்டின் 12 மி.மீ. சேர்ந்து, கீழே 60 மி.மீ. துளை கிடைக்கும்.

பலகையின் அடியில் நேரான கட்டை ஒன்றைத் திருகுங்கள். சந்தின் நடுக்கோட்டிலிருந்து கட்டையின் உட்பக்கம் 18 மி.மீ. இருந்தால் துளை சட்டத்தின் நடுவில் அமையும். மறுபக்கமும் ஒரு கட்டை வைத்துத் தாங்குங்கள். ஒருபக்கத் தாங்கல் மட்டும் இருந்தால் இயந்திரம் சாயும். எல்லாச் சட்டங்களுக்கும் முகப்புப் பக்கம் குறித்து, அந்தப் பக்கத்தையே எப்போதும் முதல் கட்டையோடு சேர்த்து வையுங்கள். சிறு பிழை நேர்ந்தாலும் அது எல்லாவற்றிலும் ஒரே அளவாக இருக்கும், கதவு முறுக்கிக்கொள்ளாது.

38 மி.மீ. ஆழத்தையும் ஒரே வீச்சில் வெட்டாதீர்கள். ஒரு தடவைக்கு 6 மி.மீ. வீதம் ஏழு தடவையில் முடியுங்கள். ஒவ்வொரு தடவையும் தூளை வெளியேற்றுங்கள். தூள் அடைத்தால் பிட் சூடேறி மழுங்கும்.

கழுந்து எடுத்தல்

குறுக்குச் சட்டங்களை முனை ஒத்திருக்க அருகருகே வைத்து இறுக்குங்கள். கடைசியில் ஒரு கழிவுக் கட்டை வைத்தால் ஓரம் பிய்யாது. குறுக்கே நேரான பலகை ஒன்றைப் பிணைத்து, இயந்திரத்தின் தட்டு அதை ஒட்டி ஓடுமாறு செய்யுங்கள். மேல்பக்கம் 12 மி.மீ., கீழ்ப்பக்கம் 12 மி.மீ. என இரண்டிரண்டு தடவையாகச் சீவினால் நடுவில் 12 மி.மீ. நிற்கும். அகலத்தில் இருபுறமும் 7.5 மி.மீ. ரம்பத்தால் அறுத்து நீக்குங்கள். ரவுட்டர் எடுத்த துளையின் முனைகள் வளைவாக இருக்கும். ஆகவே கழுந்தின் முனைகளையும் அரத்தால் உருட்டிவிடுங்கள்.

முதலில் அதே பருமனுள்ள கழிவுத் துண்டில் செய்து பாருங்கள். கையால் அழுத்தினால் நுழைய வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. கொட்டாப்புளியால் பலமாக அடித்தால்தான் நுழையுமெனில் சட்டம் பிளந்துவிடும்.

மழைக்குத் தாங்கும் மரப்பசை தடவிப் பூட்டுங்கள். பிறகு 8 மி.மீ. மூங்கில் முளை அடிக்கலாம். இதற்கு, பசை தடவுமுன்பே துளைச் சட்டத்தில் குறுக்கே ஓட்டையிட்டு, கழுந்தை நுழைத்து ஓட்டையின் மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுந்தை உருவி, குறித்த இடத்திலிருந்து 1 மி.மீ. தோள்பக்கமாகத் தள்ளி ஓட்டையிடுங்கள். முளை இறங்கும்போது பொருத்தைத் தானே இழுத்து இறுக்கும்.

பாதுகாப்பு

• பல ரவுட்டர்கள் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழல்பவை. தோளில் துண்டு, தொங்கும் வேட்டி முனை, தளர்ந்த சட்டைக்கை ஆகியவற்றுடன் இயக்காதீர்கள்.
• பிட் மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். 12.7 மி.மீ. பிடியில் 12 மி.மீ. பிட்டைப் பூட்டாதீர்கள், அது நழுவித் தெறிக்கும்.
• பிட் சுழலும் திசைக்கு எதிராகவே கருவியை நகர்த்துங்கள்.
• கண்ணாடி, முகமூடி, காதடைப்பு அணியுங்கள்.
• எர்த் இணைப்புள்ள பிளக்கையே பயன்படுத்துங்கள். ஈரத் தரையில் நின்று இயக்காதீர்கள்.
• பழைய மரமானால் ஆணி உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

முதல் ஜிக்கை ஊர்த் தச்சருடன் சேர்ந்து செய்வது நலம். இயந்திரம் ஒரே அளவைத் திரும்பத் திரும்பத் தரும். ஆனால் எந்த மரத்தின் இழை எப்படி ஓடும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஜிக்கில் அளவுகளை எழுதி, நனையாத இடத்தில் மாட்டி வையுங்கள். அடுத்த கதவுக்கும், தீவனத் தொட்டிச் சட்டத்துக்கும், பரண் ஏணிக்கும் அதையே பயன்படுத்தலாம்.