வாங்குபவர் ஒருவர், வாசிப்பவர் வேறொருவர்

நான் பொருளியல் கற்பித்தவன். பொருளைத் தேர்ந்தெடுப்பவர், விலை கொடுப்பவர், நுகர்பவர் மூவரும் ஒருவரே என்ற அனுமானத்தில்தான் எங்கள் பாடம் தொடங்கும். சிறார் நூல் இந்த அனுமானத்துக்குள் அடங்குவதில்லை. அதை எழுதுபவர், பதிப்பிப்பவர், வாங்குபவர் ஆகியோர் பெரும்பாலும் பெரியவர்கள். வாசிப்பது மட்டுமே குழந்தை. சிறார் இலக்கிய ஆய்வின் அடிப்படைக் கருத்தாக்கங்கள் பலவும் இந்த ஏற்றத்தாழ்வைச் சுற்றியே அமைந்துள்ளன.

முதலாவது, 'இரட்டை வாசகர்'. 1744-இல் லண்டன் பதிப்பாளர் ஜான் நியூபெரி, குழந்தைகளுக்கான சட்டைப்பை நூல் ஒன்றை வெளியிட்டார். விலை ஆறு பென்ஸ். மேலும் இரண்டு பென்ஸ் கொடுத்தால், சிறுவனுக்குப் பந்தும் சிறுமிக்குக் குண்டூசி செருகும் சிறு மெத்தையும் கிடைக்கும். அவற்றின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. நற்செயலுக்குச் சிவப்பிலும் தீச்செயலுக்குக் கறுப்பிலும் ஊசி குத்த வேண்டும். குழந்தைக்கு அது விளையாட்டு. பெற்றோருக்கோ ஒழுக்கக் கணக்கு. ஒரே நூல் இருவரையும் நிறைவு செய்தது.

இரண்டாவது, 'உட்கிடை வாசகர்'. அதாவது, ஒரு நூல் தனக்குள் கற்பனை செய்துகொள்ளும் குழந்தை. அந்தக் குழந்தை, பெரியவர்களின் விருப்பம் வரைந்த உருவமே என்று 1984-இல் பீட்டர் பான் கதையை முன்வைத்து ஜாக்குலின் ரோஸ் வாதிட்டார். குழந்தைப் பருவம் பற்றிய எண்ணமே காலந்தோறும் மாறிவந்துள்ளது என்பதை 1960-இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஏரியஸ் எடுத்துக்காட்டியிருந்தார்.

மூன்றாவது, 'கண்ணாடியும் சாளரமும்'. குழந்தை நூலில் தன் வாழ்வையும் காண வேண்டும். பிறர் வாழ்வையும் காண வேண்டும் என்று 1990-இல் அமெரிக்க அறிஞர் ரூடின் சிம்ஸ் பிஷப் வலியுறுத்தினார். தன்னைப் போன்றவர்களை எந்த நூலிலும் காணாத குழந்தை, தான் மதிப்பற்றவன் என்ற பாடத்தையே கற்கிறது என்பது அவருடைய கவலை.

இவை ஏட்டளவில் நின்றுவிட வேண்டிய கருத்துகள் அல்ல. பொது அறிவு, நீதிபோதனை, தேர்வுக்கு உதவும் தகவல் என்று நாம் வாங்கிக் குவிக்கும் நூல்கள் பெரும்பாலும் நம் அச்சங்களுக்கான மருந்துகளே. அவற்றைப் பிரிக்காமலே வைத்துவிடும் குழந்தையை 'வாசிப்பதில்லை' என்று குறைகூறுவது எவ்வகையில் நியாயம்?

பெரியவர்களின் வழிகாட்டல் தேவையில்லை என்பதன்று என் வாதம். எல்லா நூலும் எல்லா வயதுக்கும் ஏற்றதன்று. ஆனால், பள்ளி நூலகத்துக்கு நூல் தேர்ந்தெடுக்கும் குழுவில் மாணவர் இருவருக்கேனும் இடமளிக்கலாம். புத்தகக் காட்சியில் ஒரு சிறு தொகையைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நாம் சற்று ஒதுங்கி நிற்கலாம். நுகர்வோரின் விருப்பத்தை அறியாத சந்தை நெடுநாள் தழைப்பதில்லை, வாசிப்பும் அப்படித்தான்.