திட்டினால்கூடப் பரவாயில்லை

ஈப்போ புந்தோங்கில் 24 வயது இளைஞர் ஒருவர். வேலை போனதை மூன்று வாரம் வீட்டில் சொல்லவில்லை. காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மோட்டாரில் கிளம்பி, சாயங்காலம் திரும்பியிருக்கிறார். அப்பா திட்டுவார் என்ற பயமா என்று கேட்டேன். "திட்டினா பரவால்லண்ணே. பேசவே மாட்டாரு."

அந்த அப்பா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, கணக்கெழுதும் கிராணியின் ஏச்சை வாங்கிக்கொண்டு, பால்வாளியோடு மரம் வெட்ட நிரைக்குப் போன தலைமுறையின் பிள்ளை. எதிர்த்துப் பேசினால் வேலையும் வீடும் சேர்ந்தே போகும். அடக்கிக்கொள்வதுதான் அங்கே பிழைக்கும் வழி. அடக்கியது வீட்டுக்கு வந்து வெடித்தால், பிள்ளை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஓடிவிடும். ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தன. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறின. அப்பாவின் மௌனம் கூடவே வந்தது, பாட்டி வரவில்லை.

வருத்தத்தை முகத்தில் காட்டாமல் அமுக்கினால் அது குறைவதில்லை, உடம்புதான் கூடுதலாகப் பதறுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1990களிலேயே சோதித்துக் காட்டினார். நம் வீடுகளில் இன்னும் "ஆம்பளப் பிள்ள அழுவானா?" தான். மலேசியாவின் 2022 தேசிய சுகாதார ஆய்வில், இடைநிலைப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி தெரிந்தது. அவர்களில் மூத்தவர்கள் இப்போது வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். கைப்பேசிதான் காரணம் என்பாரும் உண்டு, இருக்கலாம். ஆனால் கைப்பேசி வருமுன்பே வாயை மூடக் கற்றுக்கொடுத்தது வீடு.

என்னை அதிகம் உறுத்துவது ஓர் ஊர்ப்பெயர். ஈப்போவுக்குப் பக்கத்தில், 1911இல் மனநல மருத்துவமனை தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான். பேராக்கில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அது முதலில் கேலியாகத்தான் அறிமுகம். "ஒன்னையத் தஞ்சோங் ரம்புத்தான்லதான் சேக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்தவன், தூக்கம் கெட்டு நெஞ்சு அடைக்கும்போது டாக்டரிடம் போவானா? தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவையே நாடு 2023இல் நீக்கிவிட்டது. வீட்டுக் கேலி மட்டும் அப்படியே இருக்கிறது.

பெற்றோர் உளவியல் படிக்க வேண்டியதில்லை. அந்தக் கேலியை விட்டால் போதும். முடிந்தால் "இன்னிக்கு எனக்கு மனசு சரியில்லப்பா" என்று பிள்ளையிடம் அவர்களே முதலில் சொல்லிப் பார்க்கலாம்.