சத்தம் காட்டிக்கொடுத்த நீர்மூழ்கி

நீர்மூழ்கிக் கப்பலுக்கு எஃகுச் சுவரைவிடப் பெரிய கவசம், சத்தமில்லாமல் இருப்பது. அந்தக் கவசம் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் யூ-864 சாட்சி.

இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கிகள் கடலின் மேல்மட்டத்தில் டீசல் என்ஜினாலும், மூழ்கியபின் பேட்டரி மோட்டாராலும் ஓடின. பேட்டரி தீர்ந்தால் டீசலை ஓட்டித்தான் அதை மீண்டும் ஏற்ற வேண்டும். டீசல் எரியக் காற்று வேண்டும். காற்றுக்காக மேலே வந்தால் எதிரி விமானங்களின் கண்ணில் படும். இதற்காகப் போரின் பிற்பகுதியில் ஜெர்மானியர் பொருத்தியதுதான் 'ஸ்நார்க்கல்' என்ற காற்றுக்குழாய். சேற்றில் அமிழ்ந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டும் எருமையைப் போல, கப்பல் நீருக்குள் இருந்தபடியே மூச்சு வாங்கும். கண்ணுக்குத் தப்பலாம், டீசலின் இரைச்சலோ நீருக்குள் வெகுதூரம் கேட்கும்.

1944 டிசம்பரில் யூ-864, கீல் துறைமுகத்திலிருந்து ஜப்பானை நோக்கிப் புறப்பட்டது. உள்ளே சுமார் 67 டன் பாதரசமும் ஜெட் என்ஜின் பாகங்களும் இருந்தன. பழுதுபார்ப்புக்காக நார்வேயின் பெர்கனில் தங்கிவிட்டு, 1945 பிப்ரவரியில் மீண்டும் கிளம்பியது. வழியில் என்ஜின் கோளாறாகி அதிகமாக இரைந்ததால் கேப்டன் வோல்ஃப்ராம் பெர்கனுக்கே திரும்பினார்.

ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை உடைத்துப் படித்த பிரிட்டன், 'வென்ச்சரர்' என்ற தன் நீர்மூழ்கியை நார்வேயின் ஃபெட்யே தீவருகே நிறுத்தியிருந்தது. அதன் கேப்டன் லாண்டர்ஸுக்கு வயது 25. ஒலி அலையை அனுப்பித் தேடினால் தன் இருப்பிடம் தெரிந்துவிடும் என்று, நீருக்கடி ஒலிவாங்கியில் வந்த சத்தத்தைக் கேட்டுப் பின்தொடர்ந்தார். மூழ்கிய நிலையில் வளைந்து வளைந்து போகும் இலக்கின் திசையோடு தூரம், ஆழம் ஆகியவற்றையும் ஊகித்தாக வேண்டும். பல மணி நேரம் கணக்கிட்டு, பிப்ரவரி 9 அன்று சில விநாடி இடைவெளிகளில் நான்கு டார்பிடோக்களை ஏவினார். மூன்றிலிருந்து தப்பிய யூ-864, நான்காவதன் பாதையில் போய்ச் சிக்கியது. உள்ளே இருந்த 73 பேரும் மாண்டனர். இரண்டுமே மூழ்கியிருக்க, போரில் ஒரு நீர்மூழ்கி இன்னொன்றை வேண்டுமென்றே அழித்ததாகப் பதிவான ஒரே நிகழ்வு இதுதான்.

இரண்டாக உடைந்த கப்பலை 2003-இல் நார்வே கடற்படை சுமார் 150 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தது. துருப்பிடித்த எஃகுக் குப்பிகளிலிருந்து பாதரசம் கசிந்து கடற்படுகையில் கலந்திருக்கிறது. கப்பலை மேலே தூக்குவதா, அங்கேயே மூடிப் புதைப்பதா என்று நார்வே பல ஆண்டுகள் விவாதித்தது. அப்பகுதியில் பிடித்த மீனைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உண்ண வேண்டாம் என்றும் அந்நாட்டு அதிகாரிகள் அறிவுறுத்தினர்.