எங்கள் கொல்லைத் தோட்டம்

செகந்திராபாத் நகரம் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806ஆம் ஆண்டு உருவானது. ஆங்கிலேயரின் சென்னைப் படையோடு தமிழர் பலர் இங்குக் குடியேறினர்.

இவ்வூரில் பாறை மேல் படிந்த செம்மண்ணே மிகுதி. அது நீரை நெடுநாள் தேக்கி வைக்காது. கோடை வெப்பமோ 40 பாகை செல்சியசைக் கடக்கும். ஆகவே, தோட்டம் இடுவோர் முதலில் மண்ணை வளப்படுத்துதல் வேண்டும்.

பழைய மண்பானை ஒன்றில் காற்றுப் புகத் துளையிடுக. ஒரு பங்கு காய்கறித் தோலுடன் இரு பங்கு சருகு சேர்த்து மூடுக. வாரம் ஒருமுறை கிளறுக. சருகு குறைந்தால் ஈரம் மிகுந்து நாற்றம் வீசும். ஏறத்தாழ மூன்று திங்களில் உரம் உருவாகும். அதனை மண்ணில் கலந்தால் ஈரம் நிலைக்கும்.

முருங்கைக் கிளையை வெட்டி நட்டாலே துளிர்க்கும். அதனைத் தெலுங்கர் ‘முனக’ என்பர். கறிவேப்பிலையைக் ‘கரிவேபாகு’ என்பர். ‘ஆகு’ என்பது இலை. நம் புளிச்சகீரையே அவர்களின் ‘கோங்கூரா’.

கடையிலும் பள்ளியிலும் நாம் தெலுங்குப் பெயர்களையே கேட்கிறோம். தமிழ்ப் பெயர்களை வீட்டில்தான் கேட்க இயலும். பாட்டியுடன் செடிகளுக்கு நீர் ஊற்றும்போது அவற்றைக் கேட்டறிந்து எழுதுக. கேளாவிடின், அவை நம் வீட்டிலேயே வழக்கொழிந்துவிடும்.