"செத்த" பேட்டரி சாகவில்லை! கார் சாவிக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

நாகர்கோவில்:-

சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலில் கும்பிட்டுவிட்டு ஒரு குடும்பம் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைத் தோளில் போட்டபடி வீட்டுக்காரர். கையில் பிரசாதத்தோடு மனைவி. இடுப்பில் குழந்தை. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

கார் பக்கத்தில் வந்து சாவியை அமுக்குகிறார். கார் கண் சிமிட்டவில்லை. இன்னொரு தடவை அமுக்குகிறார். ஊகூம்!

அவ்வளவுதான். கூட்டம் கூடிவிடும்.

"என்னவே, வண்டி கெட்டுப் போச்சா?" என்பார் ஒருவர்.

"நேத்து வர நல்லாத்தான் இருந்து அண்ணாச்சி" என்பார் கார்காரர்.

"சவத்த, கண்ணாடிய ஒடச்சிப் போட்டு உள்ள கைய விடும்வே" என்று யோசனை சொல்லவும் ஒரு ஆள் இருப்பார்.

வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம், கன்னியாகுமரி கடற்கரை என்று எங்கே கார் நிற்குமோ அங்கெல்லாம் நடக்கக்கூடிய கூத்து இது. கார் கெடவில்லை. சாவிக்குள் இருக்கும், ஒரு ரூபாய் நாணயம் அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது. கண்ணாடியை உடைக்க வேண்டியதே இல்லை.

சாவிக்குள் சாவி!

அம்பாசிடர், பியட் கார்கள் ஓடிய காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. சாவி என்றால் இரும்புத் துண்டு. அதற்கு ஏது பேட்டரி? தள்ளி நின்று பட்டனை அமுக்கிக் கதவைத் திறக்கும் வசதி 1982-ல் பிரான்சு நாட்டின் ரெனால்ட் பியூகோ காரில் வந்தது. இப்போது நம் ஊரில் சாதாரண குடும்பக் காரிலும் இது இருக்கிறது. சாவியைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாலே ஓடும் கார்களும் ஏராளம்.

ஆனால் இரும்புச் சாவி எங்கேயும் போய்விடவில்லை. அநேக ரிமோட் சாவிகளின் வயிற்றுக்குள் அது ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன கொக்கி அல்லது பொத்தான் இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் இரும்புச் சாவி கையோடு வந்துவிடும். டிரைவர் பக்கத்துக் கதவில் போட்டுத் திறக்கலாம்.

"சாவித் துவாரமே இல்லையே!" என்று திகைக்க வேண்டாம். சில கார்களில் கைப்பிடி ஓரத்தில் ஒரு மூடி போட்டு அதை மறைத்திருப்பார்கள். மூடியைக் கழற்றினால் துவாரம் தெரியும்.

இப்படித் திறக்கும்போது சில கார்கள் சைரன் அடித்து ஊரைக் கூட்டும். சொந்தக் காரையே திருடுகிற மாதிரி ஆகிவிடும். பதற வேண்டாம். உள்ளே உட்கார்ந்து காரை ஸ்டார்ட் செய்தால் சத்தம் அடங்கிவிடும்.

பேட்டரியே இல்லாமல் எப்படி ஸ்டார்ட் ஆகும்? இதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி. பட்டன் வைத்த காராக இருந்தால், கிளச்சை (ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை) மிதித்துக்கொண்டு, ரிமோட் சாவியை ஸ்டார்ட் பட்டனில் ஒட்ட வைத்தபடி அமுக்க வேண்டும். பெரும்பாலான கார்கள் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். சில கார்களில் சாவியை வைப்பதற்கென்று வேறு இடம் இருக்கும். காரோடு கொடுத்த புத்தகத்தில் அது போட்டிருக்கும். அந்தப் புத்தகம்தான் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் தூங்குகிறதே!

நாங்குநேரி சுங்கச்சாவடியில் கார் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் பேட்டரி கிடையாது. சாவடியில் இருக்கும் கருவி அனுப்பும் அலையில் இருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு அது பதில் சொல்கிறது. கார் சாவிக்குள்ளும் அதே வகையில் ஒரு சில்லு இருக்கிறது. ஒட்ட வைத்தால் கார் கொடுக்கும் சக்தியிலேயே, "நான்தான் உன் சாவி" என்று அது சொல்லிவிடும். தூரத்தில் இருந்து பேசத்தான் பேட்டரி வேண்டும்.

முதலில் ஜாடை காட்டும்

பேட்டரி திடுதிப்பென்று தீருவது அபூர்வம். நேற்று வரை பத்தடி தள்ளி நின்று திறந்த கார், இன்று கதவருகே போனால்தான் திறக்கும். இரண்டு மூன்று தடவை அமுக்க வேண்டிவரும். சாவியில் உள்ள சின்ன விளக்கு மங்கும். புதிய கார்களில் "சாவி பேட்டரி குறைவு" என்று மீட்டர் பக்கத்தில் எச்சரிக்கையே வரும். அதைப் பார்த்தும் "நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று விடுகிறவர்கள்தான் பேச்சிப்பாறை அணைப் பக்கம் போய் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாவது சாவி வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும்!

இரண்டாவது சாவியும் வேலை செய்யவில்லை, கதவைத் திறந்தால் உள்விளக்கும் எரியவில்லை என்றால் கதை வேறு. தீர்ந்தது காரின் பெரிய பேட்டரி. அதற்கு மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சங்கமத்தில் முங்கிக் குளிக்கும்போது சாவி டவுசர் பையிலேயே இருந்துவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். கரைக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர விட வேண்டும். அப்படியே விட்டால் உள்ளே பச்சை பூத்துச் சாவியே வீணாகிவிடும்.

வாட்ச் கடையில் கிடைக்கும்

பேட்டரி மாற்றுவது பெரிய வித்தை இல்லை. வாட்ச் ரிப்பேர் கடையில் ஐந்து நிமிஷ வேலை. பல சாவிகளுக்கு சி.ஆர். 2032 என்ற ரகம் பொருந்தும். 20 என்பது அகலம், 20 மில்லி மீட்டர். 32 என்பது கனம், 3.2 மில்லி மீட்டர். 2025, 1632, 1620 என்று வேறு ரகங்களும் உண்டு. பழையதில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்க வேண்டும்.

டி.வி. ரிமோட் பேட்டரியை வெயிலில் காயப்போடுவதும், பல்லால் கடிப்பதும் நம் வீடுகளில் பழைய வழக்கம். இந்த லித்தியம் பேட்டரியிடம் அந்த வைத்தியம் பலிக்காது. சார்ஜ் ஏற்றவும் கூடாது. வெடிக்கக்கூடும்.

சரி, புதுப் பேட்டரி போட்டாயிற்று. கார் திறந்தது. பழைய பேட்டரி எங்கே?

இதுதான் ஆபத்து!

மேஜை மேல் கிடக்கிறது. அல்லது கார் இருக்கை இடுக்கில் கிடக்கிறது. "அது செத்த பேட்டரிதானே" என்று யாரும் கண்டுகொள்வதில்லை. தவழ்கிற பிள்ளை அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது.

சாவியை இயக்கத்தான் அதற்குச் சக்தி போதாது. புதிய பேட்டரியில் 3 வோல்ட் இருக்கும். பழையதில் ஒன்றேகால் வோல்ட் மிச்சம் இருந்தாலே ஒரு குழந்தையின் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். தொண்டைக்குக் கீழே அது சிக்கியதும், ஈரத்தில் மின்சாரம் பாய்கிறது. அந்த இடத்தில் கடும் காரம் உண்டாகிறது. 2 மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்து புண்ணாகிவிடும். பிறகு ஓட்டை விழலாம். பேட்டரியை எடுத்த பிறகும் சில நாட்களுக்கு உள்ளே புண் பெருகிக்கொண்டே போகலாம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, ரிமோட்டில் இருந்த பட்டன் பேட்டரியை விழுங்கி 2020 டிசம்பரில் இறந்துபோனது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2022 ஆகஸ்டில் அங்கே சட்டம் வந்தது. குழந்தைகள் எளிதில் திறக்க முடியாதபடி பேட்டரி மூடி இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆஸ்திரேலியாவில் அதற்கு முன்பே, 2022 ஜூனில் இதே மாதிரி விதிகள் அமலுக்கு வந்துவிட்டன.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை அழுதால், "இந்தா மக்கா, வண்டிச் சாவி" என்று விளையாடக் கொடுக்கிறோம். கீழே போட்டுப் போட்டு மூடி தளர்ந்த சாவி அது.

பழம் கொடுக்காதீர்கள்

விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். எச்சில் வடியும். சாப்பிட மறுக்கும். இருமும். சளி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சில குழந்தைகளிடம் அந்த அறிகுறியும் இருக்காது. சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நாணயம் ஒற்றை வட்டமாகத் தெரியும். பட்டன் பேட்டரி என்றால் ஓரத்தில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும்.

"ஒரு மட்டிப்பழம் குடுத்தா எறங்கிரும் பிள்ளே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். காசு விழுங்கினால் செய்கிற கை வைத்தியம் அது. பேட்டரிக்கு அதைச் செய்யவே கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ உடனே ஓட வேண்டும். "பேட்டரி விழுங்கிவிட்டது" என்று வாசலிலேயே சொல்ல வேண்டும். அதே ரகப் பேட்டரியோ, அட்டையோ இருந்தால் டாக்டரிடம் காட்டலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது நம் மார்த்தாண்டத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சரக்கு. தேன்! பிலடெல்பியா குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தேன் பேட்டரியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு புண் ஆவதைத் தாமதப்படுத்துவது தெரியவந்தது. ஒரு வயது தாண்டிய குழந்தையாக இருந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், விழுங்க முடிகிற நிலையிலும் இருந்தால், 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன் வீதம், 6 தடவை வரை கொடுக்கலாம் என்று அமெரிக்க விஷ முறிவு மையம் சொல்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

இதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான். வீட்டில் தேன் இல்லை என்றால் அதைத் தேடிக் கடைக்கு அலையக் கூடாது. பேட்டரியை வெளியே எடுப்பது டாக்டரின் குழாயால் மட்டுமே முடியும்.

பழைய பேட்டரியைக் கழற்றியதும் இரண்டு பக்கத்தையும் மூடி செல்லோ டேப் சுற்ற வேண்டும். பிறகு பிள்ளைகள் கைக்கு எட்டாத டப்பாவில் போட்டு, பேட்டரி வாங்குகிற கடையிலேயே ஒப்படைத்துவிடலாம். கடைக்காரர் மாற்றித் தருகிறார் என்றால் பழையதை அவரிடமே விட்டுவிட்டு வரலாம். சாவியின் மூடி ஆடினால் அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். அதுவரை அந்தச் சாவி ஆணியில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தொங்கட்டும்.