ரகசியமாக்கப்பட்ட மழைக் கணிப்பு

புது தில்லி: தென்மேற்குப் பருவமழை குறித்து ஆண்டுதோறும் ஏப்ரலில் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் ஒற்றை எண்ணுக்காக நிதி அமைச்சகம் முதல் உர வியாபாரி வரை காத்திருக்கின்றனர். அந்த எண் பொய்த்தால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுகிறது. ஆனால், இதே கணிப்பு மக்களுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட காலமும் உண்டு.

தமிழகத்தில் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவுகூரப்படும் 1876-78 பெரும் பஞ்சத்தில் மெட்ராஸ் மாகாணத்திலும் மைசூரிலும் பம்பாய் தக்காணத்திலும் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். மழை பொய்ப்பதை முன்னரே அறிய இயலுமா என்ற கேள்வி, 1875-ல் தோன்றிய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு முன் வைக்கப்பட்டது. பஞ்ச காலத்திலும் தானிய ஏற்றுமதியைத் தடுக்காத அரசுக்கு, வானத்தைக் காரணம் காட்டுவது வசதியாகவும் இருந்தது.

சூரியக் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதற்கும் சென்னையின் மழைக்கும் தொடர்பு உண்டு என்று டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் 1877-ல் வாதிட்டார். கொடைக்கானலில் 1899-ல் சூரிய ஆய்வகம் அமைந்ததற்கு இத்தகைய நம்பிக்கையும் ஒரு காரணம். கரும்புள்ளிகள் மழையைச் சொல்லவில்லை. ஆய்வகம் மட்டும் நிலைத்துவிட்டது.

பிளான்ஃபோர்டு இமயமலையை நோக்கினார். அங்கு பனி மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குறையும் என்பது அவரது முடிவு. சில ஆண்டு சோதனைக்குப் பின், 1886 ஜூன் 4-ம் தேதி முதல் முறையான கணிப்பு வெளியானது.

அடுத்து வந்த ஜான் எலியட் மேலும் பல காரணிகளைச் சேர்த்தார். 1899-ல் இயல்பை விட நல்ல மழை பெய்யும் என்றார். வந்ததோ கொடிய வறட்சி. குஜராத்திலும் ராஜபுதனத்திலும் மத்திய இந்தியாவிலும் பஞ்சம் தலைவிரித்தாடியது. பத்திரிகைகள் சாடவே, அரசு விந்தையான ஒரு வழியைக் கண்டது. அடுத்த சில ஆண்டுகள் கணிப்பு அதிகாரிகளுக்கு மட்டும் ரகசியமாக அனுப்பப்பட்டது. விதை நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்தவனுக்கு அது தெரியவில்லை.

1904-ல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் வானிலை பயின்றவர் அல்லர், கேம்பிரிட்ஜ் கணிதவியலர். (1913-ல் சென்னை வந்தபோது ராமானுஜனின் கணிதத்தைக் கண்டு, அவருக்கு உதவுமாறு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவரும் இவரே.) உலகின் பல இடங்களின் காற்றழுத்தம், வெப்பம், மழைப் பதிவுகளைத் திரட்டி, எது எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று கணக்கிடச் செய்தார். கணினி இல்லாத அக் காலத்தில் அதைக் கையால் செய்து முடித்தவர்கள் இந்தியக் குமாஸ்தாக்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்களை எவரும் நினைவில் வைக்கவில்லை.

பசிபிக் பெருங்கடல் மீது அழுத்தம் கூடும்போது இந்தியப் பெருங்கடல் மீது குறைகிறது. பின்னர் இது தலைகீழாகிறது. அந்தக் கணக்குகளிலிருந்து வெளிப்பட்ட இந்த ஊசலாட்டத்தை 'தெற்கு அலைவு' என்றார் வாக்கர். 1924-ல் ஓய்வு பெற்றார், 1958-ல் காலமானார். எல் நினோவுடன் அந்த அலைவு பிணைந்திருப்பதை யாக்கோப் பியர்க்னெஸ் விளக்கியது 1969-ல்தான்.

இத்தகைய தொடர்புகள் சில பத்தாண்டுகள் பொருந்தும், பிறகு தளரும். 2002-ல் 16 காரணிகளைக் கொண்ட கணிப்பு முறை இயல்பான மழை என்றது. நாட்டில் 19 சதவீதம் குறைவாகப் பெய்தது. அடுத்த ஆண்டே முறை மாற்றப்பட்டது. ஆனாலும் 2009 ஏப்ரலில் 96 சதவீதம் என்றனர். பெய்தது 78 சதவீதம். தற்போது ஏப்ரல் கணிப்பு 5 சதவீதப் பிழை வரம்புடன், பற்றாக்குறைக்கான வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்தே வெளியிடப்படுகிறது. தவறக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்வது, எலியட் காலத்து ரகசியத்தை விட எவ்வளவோ மேல்.

தமிழக வாசகர்களுக்கு ஒரு தகவல்: ஏப்ரல் எண் ஜூன்-செப்டம்பர் மழைக்கு உரியது. தமிழகம் பெரிதும் நம்பியிருக்கும் வடகிழக்குப் பருவமழை அதில் சேராது. எல் நினோ ஆண்டுகளில் அது பெரும்பாலும் கூடவே செய்கிறது. 2015-ல் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அவ்வாண்டு டிசம்பரில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது.