தாழ்சாய்வுக் கூரையும் காற்றின் கணக்கும்

வகைப்பாடு எத்துறையிலும் வெறும் பெயரிடல் அன்று. இலக்கிய வரலாற்றில் ஒரு காலப்பகுப்பு எதனை முன்னிறுத்தி எதனை மறைக்கின்றது என்று கேட்டுப் பழகிய நாம், அவ்வினாவைக் கட்டடப் பொறியியலிடமும் கேட்கலாம்.

தெஹிவளையில் காலி வீதியிலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளில் இருவகைக் கூரைகளைக் காண்கிறோம். பழைய வீடுகளுக்கு நன்கு சாய்ந்த ஓட்டுக் கூரை. பின்புறம் இறக்கிய பத்திகளுக்கும் வாடகை அறைகளுக்கும் ஏறத்தாழப் படுத்துக்கிடக்கும் அஸ்பெஸ்டஸ் அல்லது தகரக் கூரை. மழைநீர் ஒழுகாதிருக்க ஓட்டுக்குச் சாய்வு வேண்டும். நீண்ட தகட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. சாய்வு குறைந்தால் மரமும் தகடும் மிச்சமாகும். எனவே தாழ்சாய்வு இங்கு அழகியல் தெரிவன்று, பொருளாதார நிர்ப்பந்தமே.

காற்று கூரையை அழுத்தும் என்பது பொதுவான எண்ணம். செங்குத்தான கூரைக்கு அது பொருந்தும். தாழ்சாய்விலோ, இறவாணத்தில் மோதிப் பிரியும் காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகின்றது. 1972ஆம் ஆண்டின் பிரித்தானிய விதிக்கோவை, தாழ்ந்த கட்டடமொன்றின் காற்றெதிர்ப் பக்கத்து உறிஞ்சற் குணகத்தைத் தட்டைக் கூரைக்கு 0.8 எனவும், 10 பாகைக்கு 1.2 எனவும், 20 பாகைக்கு 0.4 எனவும், 30 பாகைக்குச் சுழியம் எனவும் தருகின்றது. உறிஞ்சல் உச்சமடைவது தட்டையில் அன்று. தட்டைக்கும் சாய்வுக்கும் இடைப்பட்ட அந்தத் தெளிவற்ற பகுதியிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அப்பகுதியில் எல்லையை எங்கே இடுவது? ஐரோப்பிய விதிக்கோவை 5 பாகைக்குட்பட்டதைத் தட்டை என்கின்றது. அமெரிக்க விதிக்கோவையோ கட்டடத்தின் முழுச் சட்டகத்துக்கு 10 பாகையையும், தகடு, ஆணி முதலியவற்றுக்கு 7 பாகையையும் எல்லையாக்குகின்றது. ஆகவே 8 பாகைக் கூரையொன்று சட்டகத்தின் கணக்கில் தட்டை, தகட்டின் கணக்கில் சாய்வு. இது குழப்பமன்று, வினா மாறுவதால் வகையும் மாறுகின்றது. ஆயின் கூரை பெரும்பாலும் விளிம்பிலும் மூலையிலுமே கழலத் தொடங்குவதால், ஆணியின் வகைப்பாட்டைப் புறக்கணித்தல் ஆகாது.

1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின் பின், 1980இல் இலங்கைக்கெனக் கடுங்காற்று வடிவமைப்புக் கைந்நூல் வெளிவந்தது. அது நாட்டை மூன்று வலயங்களாக்கிச் சாதாரணக் கட்டடங்களுக்குக் கிழக்குக் கரையில் செக்கனுக்கு 49 மீற்றரும், கொழும்பு அடங்கும் மூன்றாம் வலயத்தில் 33 மீற்றரும் அடிப்படை வேகமாக வகுத்தது. தடையற்ற வெளியில் 33 மீற்றர் வேகக் காற்று, 1.2 குணகத்துடன், ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 80 கிலோ பாரத்துக்கு ஈடான விசையால் கூரையை இழுக்கும். அஸ்பெஸ்டஸ் தகட்டின் பாரமோ சுமார் 15 கிலோ. தகரம் அதனினும் இலேசு. கதவு திறந்திருந்தால் உள்ளழுத்தமும் சேர்ந்துகொள்ளும்.

வரைபடமின்றி எழுந்த பத்திகள் இக்கணக்கின் எவ்வகையிலும் இடம்பெறுவதில்லை. அவற்றின் மீது கற்களும் பழைய ரயர்களும் வைக்கப்பட்டுள்ளன. ரயரொன்றின் பாரம் சில கிலோவே.